முதுகைப் பார்க்காத மூன்று வாரம்

மணமேல்குடியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். மீன் விற்கும் ஒரு அக்கா வலது தோளில் வலி என்று வந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தவரிடம் முதுகைக் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சம். தோள் இறுகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, மூன்று வாரம் கையைப் பிடித்து மேலே இழுத்தேன்.

“முன்னைக்கு இப்பத்தான் சார் கை சுத்தமா ஏற மாட்டேங்குது” என்றார் ஒருநாள்.

பயந்துபோய், இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளச் சொன்னேன். முந்தானை சரிந்தது. வலது தோள்பட்டை எலும்பு முதுகைவிட்டுத் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடித்துவைக்கும் தசையின் நரம்பு செத்துக்கொண்டிருந்தது. இழுக்கவே கூடாத கை அது.

“இது எப்பலேர்ந்துக்கா இப்படி?”

“வலி வந்ததுலேர்ந்தே சார். ஜாக்கெட்டு அங்கிட்டு மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும்.”

“எங்கிட்ட சொல்லலையேக்கா.”

“நீங்க முன்பக்கமே நின்னு பாத்தீங்க. திரும்பச் சொல்லியிருந்தா திரும்பியிருப்பேனே.”

அன்றே நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன். பல மாதம் கழித்தும் கை பாதிதான் ஏறியது. மீதி நோயால் போனதா, நான் இழுத்ததில் போனதா, தெரியவில்லை. அவர் இதுவரை கேட்டதில்லை. மார்க்கெட்டில் அவர் இடது கையால் மீன் அள்ளிப் போடுவதைக் கண்டால், இன்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து வேறு பக்கம் திரும்பி நடக்கிறேன்.