குரங்குக் குட்டியும் என் கண்ணும்

பகல் வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசும். கூசும் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. மத்தியானம் வெள்ளவத்தையில் காலி வீதி என்ற நெரிசலான பெருந்தெருவைக் கடக்க நின்றால் எனக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் பரப்பு மட்டும்தான். மிச்சமெல்லாம் ஹோர்ன் சத்தம். நிறங்களும் தெரியாது. தக்காளி பழமா காயா என்று அமுக்கித்தான் பார்ப்பேன். இதைச் சொன்னவுடன் எல்லோரும் தங்கள் சட்டையைப் பிடித்துக் காட்டி, "இது என்ன கலர், சொல்லுங்கோ பாப்பம்" என்பார்கள். "ஊத்தைக் கலர்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

பொழுதுபட்டால் நான் வேறு ஆள். மின்வெட்டுக் காலத்தில் எங்கள் பாமன்கடை ஃபிளாட்டில் மற்றவர்கள் மேசைக் காலில் இடித்துக்கொண்டு திரிய, நான் இருட்டில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சின்ன வயதில் என் கண்ணுக்கென்று முருங்கையிலையும் கரட்டும் சுறா எண்ணெயும் மாறி மாறித் தந்தார்கள். அதெல்லாம் மாலைக்கண்ணுக்கு. எனக்கிருந்ததோ அதற்கு நேர்மாறு. அந்தச் சுறா எண்ணெயின் நாற்றத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காரணம் வீட்டில் முதலே தீர்மானமாகியிருந்தது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா சூரிய கிரகணத்தில் வெளியே போய்விட்டார். அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். பொதுக் குழாயில் தண்ணீர் வந்த நேரம் பார்த்துக் கிரகணமும் பிடித்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். கர்ப்பிணிகள் கிரகணத்தில் வெளியே போகக்கூடாது என்பது அம்மாவுக்குத் தெரியாமலில்லை. ஒரு வாளித் தண்ணீர்தானே என்று போனார்.

நான் பிறந்து, வெளிச்சம் பட்டாலே முகத்தைத் திருப்பி அழத் தொடங்கியதும், அப்பாவின் தாய் விசாரணையை முடித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் அம்மாவுக்குச் சொந்த மாமி, அம்மாவின் தகப்பனுக்கு அக்கா. அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள். "அடங்கி உள்ளுக்கு இருந்திருந்தா பிள்ளைக்கு இது வந்திருக்காது" என்று அந்த மாமி சாகும்வரை சொன்னார். அப்பாவும் தான் இருந்த காலம் வரைக்கும் அதை மறுக்கவில்லை. அந்த மௌனத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் சூரியனுக்கு விரதம் பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் வழக்கறிஞர்களுக்குச் சிங்கள ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். கணினியில் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெருப்பித்து வாசிப்பேன். போன வருடம் நுகேகொடையில் ஒரு கண் டொக்டரிடம் போனேன், என்னைவிட வயது குறைந்த பெண். அவர் மற்றவர்களைப் போல இன்னொரு கண்ணாடி எழுதித் தரவில்லை. இரத்தம் எடுத்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னை இருத்தி, சிங்களமும் ஆங்கிலமுமாக விளக்கினார். விழித்திரையில் பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் என்று இருக்கும் கலங்கள் எனக்குப் பிறப்பிலிருந்தே வேலை செய்யவில்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு வந்து சேர்ந்தால்தான் இது வரும். ஒன்று மட்டும் உள்ளவருக்கு ஒரு குறையும் தெரியாது. சொந்தத்துக்குள் கட்டினால் இரண்டும் சேர்கிற சாத்தியம் அதிகம்.

குரங்குகளிலும் இதே கண்வருத்தம் உண்டு என்று சொல்லி, டொக்டர் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் பிறந்த குட்டி. வெயிலில் தலையைக் குனிந்து, கண்ணை இடுக்கி, பழத்துண்டைக் கையால் தடவித் தேடி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தது. சாட்சாத் நான்தான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. என்னைப் போல வெயிலுக்குப் பயந்த ஒரு சீவனை நான் அதற்கு முதல் கண்டதில்லை. தாய்க்குரங்கு பக்கத்திலிருந்து அதற்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கான மருந்தை அந்தக் குரங்குகளில்தான் முயன்று பார்க்கிறார்கள், எனக்கு இப்போதைக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மாவின் வழக்குக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஏறினேன்.

அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லத் தொடங்கினேன்.

"எங்களைக் குரங்கோட வைச்சே கதைக்கிறா அந்த டொக்டர்?" என்றார் அம்மா.

"ஓம். குரங்குக்கும் இதே வருத்தம் வருதாம். கிரகணத்தால இல்லை அம்மா."

அம்மா ஒரு கீரைத் தண்டை ஒடித்தார். "குரங்குக்கு உள்ளுக்கு இருக்க வீடு இருக்கோ? அதுகள் கிரகணத்துக்கும் வெளியிலதானே நிக்கும்?"

புதுக்கடையில் எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறேன். இது என்னை ஒரு கணம் ஆட்டித்தான் போட்டது.

"அப்பிடியெண்டா எல்லாக் குட்டிக்கும் எல்லோ வரவேணும்? ஏன் ஒண்டு ரெண்டுக்கு மட்டும் வருது?"

அம்மா கீரைத் தண்டு ஒன்றை ஒடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஆரால வந்ததாம்?"

"உங்களிட்ட இருந்து பாதி, அப்பாட்ட இருந்து பாதி. அப்பாவுக்கு உங்கட மாமியிட்ட இருந்துதான் வந்திருக்கும்."

"மாமிக்கும் இருந்திருக்கோ?"

"இருந்திருக்கும்."

அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மாமியை நாலு வார்த்தை திட்டினாலும் நானும் சேர்ந்து திட்டலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். அம்மா இரண்டும் செய்யவில்லை.

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை அம்மா" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர பிழையெண்டா, நான் கிடந்து மன்றாடினா ஒருநாளைக்குத் தீரும் எண்டு இருந்தனான்" என்றார். "ஒருத்தரின்ர பிழையும் இல்லையெண்டா, இனி நான் உனக்கு என்ன செய்யிறது, பிள்ளை?"