ஒன்ஸ்லோட்டுக்குள் இரண்டு எழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இணுவிலில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. பின்னேரங்களில் அண்ணை சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு மிதிப்பார். டைனமோவில் எங்கள் றேடியோ கதைக்கும். அன்று ஆங்கிலச் செய்தி வாசித்தவர், தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்வதுபோல, ‘ஒன்ஸ்லோட்’ என்றார். எங்கள் கூரை ஓடுகளை நொறுக்கிய ஷெல்லடிக்கு இவ்வளவு மெத்தென்ற சொல்லா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகராதியைப் புரட்டினேன். ‘கடுந்தாக்குதல்’ என்று போட்டிருந்தது. சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் ஜீ, எச் என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. வாசிக்கும்போது அவை ஒலிப்பதே இல்லை.

“சத்தம் போடாத எழுத்துக்கு உதுக்குள்ளை என்ன வேலை?” என்று கத்தினேன்.

மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எங்களோடு தங்கியிருந்த அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தைக் காட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

“அடி விழேக்கை பங்கருக்குள்ளை பதுங்கி இருக்கிறவை சத்தம் போடுவினமோ?” என்றார்.

அண்ணையின் கால் நின்றது. றேடியோவும் அடங்கிவிட்டது. மூச்சை அடக்கிக் குந்தியிருக்கும் இரண்டு பேரைப் பார்ப்பதுபோல அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றுவரை அவர்களை வெளியில் விட்டுவிட்டு அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.