பதினாறாம் அத்தியாயத்துக்கு ஓர் அர்ச்சனை

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் மனைவியும் பண்டாரவளை மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கும் நானும் ஒரே ஒலிக்கதையைக் கேட்டு வந்தோம். என் போன், அவள் போன், நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில் நானும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு அவள் அனுப்பிய பேசும் ஸ்பீக்கர், மூன்றுக்கும் ஒரே கணக்கு. யார் எங்கே நிறுத்தினாலும் மற்ற இரண்டும் அங்கேயே வந்து நிற்கும். குடும்பம் நடத்த இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

நான் பஸ்ஸில் ஏழாம் அத்தியாயம் கேட்டால், அங்கே சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருப்பவள் பதினாறிலிருந்து ஏழில் வந்து விழுவாள்.

"நான் முன்னுக்குப் போனா ஒங்களுக்குப் பொறுக்காதா? இனி பேச்சே வேணாம்!" என்று ஒருநாள் போனை வைத்தவள், கதையை மட்டும் பதினாறுக்கே திருப்பிக்கொண்டாள். பிறகு ஐந்து நாளாக அழைப்பு இல்லை. நான் எடுத்தால் மணி அடித்து ஓய்ந்தது. கோபமா, அந்த வீட்டில் ஏதும் ஆபத்தா?

தினமும் காலையில் கதை எங்கே நிற்கிறது என்று ஸ்பீக்கரிடம் கேட்பேன். "பதினாறாம் அத்தியாயம், பன்னிரண்டாவது நிமிடம்" என்னும். அது நகர்ந்தால் அவள் நலம். அதனால் வீட்டில் யாரும் கதையைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். தண்ணீர் எடுக்கப் போகிறவர்களெல்லாம் வாசலில் நின்று, "பதினாறு தாண்டிருச்சாங்க?" என்று விசாரித்தார்கள். அம்மா கோயிலுக்கே போய்விட்டார்.

"யாரு பேருக்கு அர்ச்சனை?" என்றார் பூசாரி.

"பதினாறாம் அத்தியாயத்துக்குங்க."

பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு நட்சத்திரம் கேட்டார்.

ஆறாம் நாள் ஸ்பீக்கர் "பதினேழு" என்றது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் தேங்காயே உடைத்துவிட்டார். அம்மா மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நாந்தான்யா போட்டேன். கதையில வர்ற புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியாம மனசு கேக்கல."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கதையைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, தனியாகப் போய் அழுதேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேன். "ஏழாம் அத்தியாயம், நான்காவது நிமிடம்."

அம்மாவைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்லைய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சண்டை வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் நிறுத்திய இடம் அது. எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். ஒன்பது அத்தியாயம் இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தாள். போன் அடித்தது.

"கோவத்துலதான் எடுக்கல. போடுங்க, சேந்தே கேப்போம்," என்றாள். "பஸ்ல தூங்கிறாதீங்க."