நீல வாளி அளவு என்னுடையது

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தேற்றாத்தீவில் ஒரே வளவில் நான்கு வீடுகள். ஒன்றைச் சூறாவளி பிடுங்கியது, ஒன்றைச் சண்டையில் எரித்தார்கள், ஒன்றைக் கடல் கொண்டுபோனது. நாலாவதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். வாவிக்கு, ஊருக்கு மேற்கே கிடக்கும் உப்பேரிக்கு, அங்கால், கரடியனாற்றுப் பக்கம், காடு வெட்டி எடுத்த இரண்டு ஏக்கர் வயல். எங்கள் வயல் வட்டைக்குத் தண்ணீர் ஏறாது என்று படித்தவர்கள் கைவிட்ட இடத்தில் மரக்குற்றி போட்டு நானே ஒரு மதகு வைத்தேன். இன்றைக்கும் தண்ணீர் ஏறுகிறது. கடல் வந்து போன பிறகு ஊர்க் கிணறுகள் உப்பாகிக் கிடந்தபோது, வளவின் மேட்டு மூலையில் புதிதாக ஒன்று தோண்டினேன். நெல் அவிக்க ஒரு கொட்டில், மூன்று பக்கமும் கல் சுவர், உள்ளே இரண்டு கிடாரம். படித்தது மூன்றாம் வகுப்பு. இவற்றில் எதற்கும் எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கை கொடுத்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பொய்யர்கள்.

இந்த வரிசையில் இன்னொன்றும் வர வேண்டும். எங்கள் குறிச்சி வீடுகள் ஒவ்வொன்றும் அடுப்பாலும் அழுக்குத் தண்ணீராலும் குப்பையாலும் வாவிக்கு என்ன செய்கின்றன என்று முதன்முதலில் அளந்தவன் நான். அதைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்தவர்களைச் சொல்வதற்கு முன் வாளியைச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு வீடு நிவாரணம் தந்தார்கள். அதில் ஒரு நீல நிற வாளி இருந்தது. பணக்காரன், ஏழை, கடல் வந்த வீடு, வராத வீடு என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வாளி, ஒரே அளவு. நல்ல வாளி. பிறகு மறுபடியும் சண்டை மூண்டு ஊர் விட்டு ஓடியபோதும் சனம் அதற்குள்தான் உடுப்பை அமுக்கிக்கொண்டு ஓடியது. திரும்பி வந்தபோது வாளியும் வந்தது. பிடி உடைந்தால் கம்பி கட்டினார்கள், வெடித்தால் தார் பூசினார்கள்.

அந்தச் சண்டை நாட்களில் வாவிக்கு அங்காலப் படுவான்கரைக்கு விறகுக்குப் போக வழியில்லை. போனவன் திரும்புவானா என்று தெரியாது. சனம் வாவிக் கரைக் கண்டல் காட்டில் கைவைத்தது. பச்சை மரம், புகை கண்ணைக் கரிக்கும், ஆனாலும் எரியும். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பத்தடி நடந்தால் விறகு இருக்கும்போது வாவி கடந்து போக எவனுக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை. கடல் வந்த அன்று என்னை அடித்துக்கொண்டுபோய் வாவிக்குள் போட்டபோது நான் பிடித்து நின்றது ஒரு கண்டல் வேரைத்தான். அதற்காக மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிற ஆள் நானில்லை. நானும் வெட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளை ஜீப்பில் ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். வீட்டுப் பழக்கங்களால் வாவிக்கு வரும் கேட்டை அளக்க வந்தோம் என்றார்கள். அளக்க வந்தவர்களின் கையில் தராசு இல்லை, படி இல்லை. கேள்வி அச்சடித்த போர்ம்தான் ஆளுக்கொரு கட்டு இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்தது அவர்களில் பெரியவர், எல்லாரும் சேர், சேர் என்று கூப்பிட்ட ஆள். என் மனைவியிடம் கேட்டார்.

"ஒரு கிழமைக்கு எத்தனை கட்டு விறகு எரிப்பீங்க அம்மா?"

"விறகா? விறகுக்கு நாங்க எங்க போற மனே. சருகக் கூட்டித்தான் சமைக்கிற."

அவளுக்குப் பின்னால் கூரை முட்ட விறகு அடுக்கியிருந்தது. சேர் குனிந்து எழுதினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி இன்னொரு மாதிரி. புது அடுப்புக் கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தெருவுக்குக் கேட்கக் கத்தினாள்: "கிழமைக்குப் பதினஞ்சு கட்டு சேர்! புகையில எனக்குக் கண்ணே தெரியுதில்ல!" அவள் வீட்டில் அவளும் ஒரு பூனையும்தான்.

எங்கள் சனத்தைப் பிழை சொல்ல மாட்டேன். போர்மோடு ஒருவர் படலையில் நின்றால், இருப்பதை மறைத்து இல்லாததை நீட்டிச் சொல்ல வேண்டும் என்று அத்தனை வருட நிவாரணம் பழக்கியிருந்தது. நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. இந்தப் பொய்யை அச்சடித்து எங்கள் வாவி இதுதான் என்று ஊருக்குக் காட்டப்போகிறார்கள்.

"தம்பி, நீங்க எழுதினது முழுக்கப் பொய்," என்றேன்.

"மக்கள் சொன்னதைத்தானே எழுதினோம் ஐயா."

"போர்ம உள்ளுக்கு வச்சிட்டு அடுப்புக்குள்ள எட்டிப் பாருங்க. அடுப்பு நிவாரணம் கேக்காது."

சேர் சிரித்தார். "அப்படியெண்டா நீங்களே அளந்து தாங்களேன்."

பகிடிக்குச் சொன்னார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மறுநாளே தொடங்கினேன். எங்கள் குறிச்சியின் நாற்பத்தொரு வீட்டுக்கும் ஒரே நீளத்தில் கயிறு வெட்டி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். முடிச்சு வரைக்கும் இறுக்கினால் ஒரு கட்டு விறகு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அழுக்குத் தண்ணீருக்கும் குப்பைக்கும் நீல வாளி. மீன் அடைத்து வந்த வெறும் தகர ரின் வீட்டுக்கு மூன்று: விறகுக்கு ஒன்று, அழுக்குத் தண்ணீருக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று. ஒரு கட்டு எரித்தால், ஒரு வாளி ஊற்றினால், ஒரு வாளி கொட்டினால் அந்தந்த ரின்னில் ஒரு தென்னை ஈர்க்கு முறித்துப் போட வேண்டும். இவ்வளவுதான். எழுதத் தெரிய வேண்டாம். வாளிகள் ஒரே அளவு என்பதைக் கோயிலடியில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் மாற்றி எல்லார் முன்னாலும் காட்டினேன். விளிம்பு உடைந்த வாளிகளுக்குத் தாரால் கோடு போட்டேன்.

சும்மா ஒப்புக்கொண்டார்களா? கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார்கள்.

"கழுவி ஊத்துறதையும் எண்ணப் போறாராம் மனிசன். வாற கிழம நாம தும்முறதையும் எண்ணுவார்."

"தும்மு கா," என்றேன். "வாளி கொண்டாறன்."

என் மனைவியின் தம்பி ஊர்ச் சங்கத் தலைவர். எட்டாம் வகுப்பு. அந்த எட்டு வகுப்பும் அவருடைய நடையில் தெரியும். அவர் வாசலில் நான் ரின்னை வைத்தபோது காலால் தள்ளிவிட்டார்.

"அத்தான், இந்த வயசில ஏன் உங்களுக்கு இந்த வேலை? ஊரே சிரிக்குது. நான் தலைவரா இரிக்கிற ஊரில குப்ப எண்ணிக்கொண்டு திரியிறீங்க."

"உன்ட வீட்டுக் குப்பையத்தான் மச்சான் முதல்ல எண்ணப் போறன். வேலிக்கு மேலால வாவிக்குள்ள போற சொப்பிங் பேக் எல்லாம் உன்ட வீட்டிலயிருந்துதான் பறக்குது."

அவர் உள்ளே போய்விட்டார். எனக்குத் தங்கச்சி முறையான அவர் மனைவி ரின்னை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அவள்தான் ஈர்க்கும் போட்டாள்.

பொய்யை நிறுத்த எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வீடு வீடாய்ப் போய்ச் சொன்னேன்: "ஒண்டும் தரமாட்டாங்க. அடுப்பும் இல்ல, நிவாரண அட்டையும் இல்ல. கூட்டிச் சொல்லியும் லாபமில்ல, குறைச்சுச் சொல்லியும் லாபமில்ல." அதோடு விறகு அடுக்குகளில் கரியால் கோடு போட்டு வைத்தேன். ஈர்க்குச் சொல்வதும் கோடு சொல்வதும் ஒத்து வரவேண்டும். வராத வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டேன். மூன்று வீட்டார் என்னோடு பேச்சை விட்டார்கள். அதில் ஒரு வீடு இன்றைக்கும் பேசுவதில்லை. நட்டமொன்றுமில்லை.

வெள்ளிக்கு வெள்ளி ரின்களைச் சேர்த்துக் கொட்டி எண்ணினேன். நெல் அவிக்கும் கொட்டிலின் சுவரில் வீட்டுக்கு ஒரு வரிசையாய்க் கரிக்கோடு இழுத்தேன். ஐந்து கிழமை இழுத்த பிறகு சுவரைப் பார்த்தால் எங்கள் குறிச்சி அப்படியே தெரிந்தது. பதினைந்து கட்டு என்று கத்திய எதிர்வீட்டுக்காரிக்குக் கிழமைக்கு ஒரு கட்டு. குப்பையில் முதல் வரிசை தலைவர் வீடு. விறகில் முதல் வரிசை, பக்கத்தில் எவரும் வர முடியாத நீளத்தில், என் வீடு.

ஓம், என் வீடுதான். இரண்டு கிடாரத்தில் நெல் அவித்தால் வேறு என்ன வரும்? மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்க, எங்கட கோட்டக் கொஞ்சம் அழிச்சு விடுங்களன், வாறவனெல்லாம் பாப்பான்." நான் அழிக்கவில்லை. கோட்டை அழிக்காமல் அடுப்பை மாற்றினேன். ஆலையில் சும்மா கொட்டிக் கிடந்த உமியை மூட்டையாய்க் கொண்டுவந்து, வாய் சிறுத்த அடுப்பொன்று களிமண்ணால் வைத்து, உமியில் நெல் அவித்தேன். அடுத்த கிழமைகளில் என் கோடு பாதியாய் இறங்கியது. அதையும் அதே சுவரில் போட்டேன். கண்டலுக்கு அதற்குப் பிறகு நான் கத்தி கொண்டுபோகவில்லை.

அதன் பிறகுதான் சேர் திரும்பி வந்தார். சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. படம் எடுத்தார், கோடுகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார், ஒரு கயிறும் ஒரு ரின்னும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். "ஐயா, இது பெரிய வேலை," என்றார். அந்தச் சொல்லை நம்பினேன். அது என் பிழை.

இந்தக் கணக்கையெல்லாம் புத்தகமாக அச்சடித்துச் செங்கலடியில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். எங்கள் ஊர்க்காரரை ஏற்றிப்போக பஸ் விட்டார்கள். மேடையில் என் மச்சான். கழுத்தில் பொன்னாடை, கையில் முதல் புத்தகம். ரின்னைக் காலால் தள்ளிய மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்து "நாங்கள் அளந்தோம், நாங்கள் கண்டோம்" என்று பேசினார். நான் நாலாவது வரிசையில் இருந்தேன்.

புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் முழுக்க என் கரிச்சுவர். கீழே எழுதியிருந்தது: கிராம மக்களின் பாரம்பரியக் கணக்கு முறை. பாரம்பரியமாம்! என் அப்பன் ஈர்க்கை வைத்து ஒன்றும் எண்ணியதில்லை, அவனுடைய அப்பனும் எண்ணியதில்லை. நான் யோசித்துக் கண்டது. அடுத்த பக்கத்தில் என் கிடாரமும் பழைய விறகடுப்பும் புகையோடு. அதன் கீழே, வாவிச் சூழலுக்கு அதிகக் கேடு விளைவிக்கும் வீடு. உமியடுப்பு எங்கேயும் இல்லை. பாதியாய் இறங்கிய கோட்டைப் படத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

"இந்தச் சுவர் ஆருடைய சுவர்?"

சேர் மேடையிலிருந்து பதில் சொன்னார். "ஐயா, மக்களின் அறிவு எல்லாருக்கும் பொதுவானது. தனி ஆளின் பெயர் போடுவது எங்கள் வழக்கமில்லை."

"அளவு எல்லாருக்கும் பொது. அடுப்பு மட்டும் எனக்குச் சொந்தமா?"

மண்டபம் சிரித்தது. என் மச்சான் மேடையிலிருந்து கையைக் காட்டி, "அத்தான், இரிங்க அத்தான், பிறகு கதைப்பம்," என்றார். நான் இருக்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி அதில் இருந்த பெயர்களை எண்ணிச் சொன்னேன். பதினாறு. பெயர் போடுவது வழக்கமில்லை என்ற ஆளின் பெயர் அதில் முதலாவது. அவர்களில் ஒருவர்கூட வாளி தூக்கவில்லை, ஈர்க்கு முறிக்கவில்லை, எதிர்வீட்டுக்காரியின் வாயைத் தாங்கவில்லை.

அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பும் வந்தது. அட்டையின் நிறம் மாறியிருந்தது. இப்போது வேறு ஊர்களுக்கும் அதே கயிற்றையும் ரின்னையும் கொண்டுபோய், தங்கள் முறை என்று பெண்களைக் கூட்டிவைத்துப் படிப்பிக்கிறார்கள். படிப்பிக்கட்டும். முறை நல்ல முறை, ஓட வேண்டியதுதான்.

ஆனால் கரிச்சுவர் இருக்கும் பக்கத்தில் "பாரம்பரியம்" என்ற சொல்லை வெட்டிவிட்டு என் பெயரை முழுதாக, என் அப்பனின் பெயரோடு, மூன்றாம் வகுப்பு என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். என் அடுப்புப் படத்துக்குப் பக்கத்தில் உமியடுப்பின் படத்தையும், வெட்டிய கோட்டையும் போட வேண்டும். அதிகக் கேடு செய்த வீடு என்று எழுதியதை எடுக்கச் சொல்லவில்லை. அது உண்மை. அதை அளந்து சொன்னவனும் அந்த வீட்டுக்காரன்தான் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும்.