உறையாத கொழுப்பு

பன்றி வளர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் எல்லோரும்தான் வளர்த்தார்கள். ஆனால் என் பன்றியின் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், கத்தி நறுக்கென்று இறங்கும். மந்திரம் ஒன்றுமில்லை. கடைசி இரண்டு மாதம் மேயவிடாமல் கட்டிப்போட்டு, தவிடும் கேப்பைக் கூழும் மட்டும் வைப்பேன். மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கண்ணில் காட்டமாட்டேன். அறுவடை முடிந்த கொல்லையில் மண்ணைத் தோண்டி மல்லாட்டை தின்ற பன்றிகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பு மளமளவென்று ஏறும். வெட்டினால் கொழுப்பு உறையாது, விரலில் எண்ணெயாக வழியும். கறியும் தொளதொளவென்று, பச்சை மல்லாட்டை வீச்சம் வீசும்.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடி வந்தார்களே, அதற்கு அடுத்த தை மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் வாழ்க்கைப்பட்டவள்.

"விருந்துக்குப் பன்னி நீதான் வளத்துக் குடுக்கணும். அப்பதான் நாலு பேர் பேசுவாங்க" என்றாள்.

அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். கேப்பை கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்த சண்டைக் காலம். என் பங்குக் கூழில் பாதியைப் பன்றிக்கு ஊற்றினேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மல்லாட்டை மில்லில் மேஸ்திரி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவரிடம் போய், "பன்னி கன்னுக்குட்டி மாதிரி நிக்கும் பாருங்க" என்று என் வீட்டுக்காரர் சவடால் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பன்றி திடீரென்று ஊதியது. என் கூழின் மகிமை என்று பூரித்துப் போனேன், மடச்சி.

கல்யாணத்தன்று காலையில் காணையில் வைத்து வெட்டினார்கள். அந்தக் குளிரில் மெழுகு போல நிற்க வேண்டிய கொழுப்பு, வாழையிலையில் கொழகொழவென்று பரவியது. சமைக்க வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இது நோவு கண்ட பன்னி. தின்னா வவுறு போவும்."

காணை நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். மல்லாட்டை தின்ற பன்றியை அவர்கள் வெட்டிப் பார்த்ததில்லை.

நான் குனிந்து முகர்ந்தேன். மல்லாட்டைதான். நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பந்தல் காலைப் பார்த்தார். நான் களை எடுக்கப் போன நேரமெல்லாம், மில்லிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த மல்லாட்டை உடைசலை அள்ளிப் போட்டிருக்கிறார். எல்லாம் அந்தச் சவடாலுக்காக. மேஸ்திரி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா என் எதிரில் வந்து நின்றாள். "நோவுன்னு தெரிஞ்சிகினே கொண்ணாந்து தள்ளிட்டியாடி?"

"இல்லக்கா, சத்தியமா நல்ல பன்னி. தீனியால வந்தது இது."

"அப்பிடி இன்னா தீனி போட்ட?"

சொன்னால் திருட்டு வெளியே வரும். மேஸ்திரி முன்னால் என் வீட்டுக்காரர் மானமும் வேலையும் போகும். அவரே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். "நான்தான் மல்லாட்டை போட்டேன்" என்றால் போதும். கடையில் வாங்கினேன் என்று ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டால்கூடப் போதும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொம்பள வளத்தது. எனக்கு இன்னா தெரியும்?"

கறி முழுவதையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். விருந்து கத்தரிக்காய்க் குழம்போடு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கை கழுவினார்கள். இனிமேல் தன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஊர் திரும்பும் வழியில் வண்டி முண்டியம்பாக்கம் தாண்டியது. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வேலை போய்ட்டா சோத்துக்கு இன்னா பண்ணுவ? உங்கக்காதான, ரெண்டு நாள்ல மறந்துடுவா."

அக்கா மறக்கவில்லை. நாலைந்து வருஷம் கழித்து ஒரு சாவு வீட்டில் அவளைப் பார்த்தபோது, இழுத்து உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"கட்டுன புருசன் மேலயே பழியப் போட்டுத் தப்பிக்கப் பாக்கிறியா?" என்று எழுந்து போய்விட்டாள். அவர் செய்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சாகிறவரை அவள் என் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. அவருக்கு மட்டும் மூன்று வேளையும் நான்தான் ஆக்கிப் போட்டேன். ருசியாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.