மைத்துனன் ஒன்பதாம் எதிர்மனுதாரர் ஆனது

கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டில் திவால் மனு போட்டவனை எங்கள் ஊரில் 'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்' என்பார்கள். எழுபது வயதுக்கு மேல் அந்த மனுவை நானே போட வேண்டி வந்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகம், அந்தக் கடுதாசி உண்மையிலேயே மஞ்சளாக இருக்குமா என்பதுதான். வக்கீல் அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

"மஞ்சளும் இல்ல, குங்குமமும் இல்ல சார். பச்சைத் தாள்லதான் டைப் பண்ணுவோம்" என்றார் வக்கீலம்மா.

ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருடம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன், ஒரு முறைகூட யாரிடமும் நிறத்தை விசாரித்ததில்லை.

நான் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவன். பென்ஷன் கிடையாது. என் மகன் செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் மாதிரி ஒரு காபிக்கடை வைத்தான். காபி மிஷின், ஃப்ரிட்ஜ், மூங்கில் நாற்காலி எல்லாமே கடன். அவன் பேரில் யாரும் கொடுக்காததால் என் பேரில் வாங்கினோம். முதல் சீசன் நன்றாகப் போயிற்று. அடுத்த சீசனில் அதே தெருவில் இன்னும் நாலு கடை வந்துவிட்டது. கோடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் கடையை மூடிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அவன் அனுப்புவது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும், வட்டிக்குக் காணாது. வசூல் பையன்கள் காலையில் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் வக்கீலம்மாவிடம் போனேன்.

அவர் இரண்டு பட்டியல் கேட்டார். ஒன்று எங்களிடம் இருப்பது, இன்னொன்று நாங்கள் கொடுக்க வேண்டியது.

"சமைக்கிற பாத்திரம், உடுத்துற துணி, படுக்கை, இதெல்லாம் எடுக்க மாட்டாங்க சார். தாலியையும் தொட மாட்டாங்க. ஆனா இருக்கிறதை எழுதிடணும்."

மனிதனிடமிருந்து எதை எடுக்கக் கூடாது என்று யாரோ எப்போதோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சட்டத்தில் தாலியைச் சேர்த்து எழுதியவருக்கு அதன் தங்கம் முன்பே அடகுக்குப் போகும், கழுத்தில் கயிறுதான் மிஞ்சும் என்று தெரிந்திருக்குமா? மறுநாள் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாத்திரங்களை எண்ணினேன்.

"என்னாங்க பண்றீங்க அங்க?" என்றாள் மனைவி.

"பாத்திரம் எண்றேன். கோர்ட்டுக்கு."

"திருடன்கூட எண்ண மாட்டான். அப்படியே அள்ளிக்கினு போவான்."

குக்கர் இரண்டு இருந்தது. ஒன்றுக்கு விசில் இல்லை. விசில் இல்லாத குக்கர் சொத்தில் சேருமா என்று அவளையே கேட்டேன்.

"அத மொதல்ல எழுதுங்க. எடுத்துக்கினு போனா ஒரு விசில் போட்டு வெச்சிக்கட்டும்."

இரண்டாவது பட்டியல்தான் தகராறு ஆனது. "கொடுக்க வேண்டியவங்க ஒருத்தரையும் விட்டுடாதீங்க. விட்டா மறைச்சிட்டாருனு சொல்வாங்க" என்று வக்கீலம்மா எச்சரித்திருந்தார். எட்டுப் பேரைச் சிரமமில்லாமல் எழுதினேன். ஃபைனான்ஸ்காரர்கள், சீட்டு நடத்துகிறவர், மளிகைக்கடை, கடைக்கட்டட உரிமையாளர். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தூக்கமும் வரவில்லை. ஒன்பதாவதாக ஒருவர் இருந்தார், அவரை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

என் மனைவியின் தம்பி கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவன். எங்கள் மகள் கல்யாணத்தில் ஒரு சவரன் மொய் வைத்தான். எங்கள் பக்கத்தில் மொய் என்பது சும்மா கொடுப்பதல்ல. வைத்தவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைத்தாக வேண்டும். அந்தக் கல்யாணத்தில் எழுதிய மற்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் திருப்பிவிட்டோம். அவன் வீட்டில் மட்டும் இதுவரை விசேஷமே வரவில்லை. இப்போது வந்துவிட்டது. தை மாதம் அவனுடைய பெரிய பெண்ணுக்குக் கல்யாணம். அந்த வீட்டு வழக்கப்படி முதல் மொய் பெண்ணின் அத்தையுடையது. அத்தை என் மனைவி.

"எனக்குனு இருக்கிறது அந்த ஒரு பொறந்த வூடு. அங்க வெறுங்கையோட போயி நிக்க மாட்டேன்" என்று ஆடியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சவரன் விலையை நான் தினமும் பேப்பரில் பார்ப்பேன். ஒரு நாளும் கம்மியானதில்லை.

திருப்பித் தந்தாக வேண்டும் என்றால் அது கடன்தானே? நான் எழுதினேன். கடனின் வகை என்ற இடத்தில் மொய் என்று போட ஒரு மாதிரி இருந்ததால் 'குடும்ப வகை' என்று போட்டேன். கைமாற்றாக இருக்கும் என்று வக்கீலம்மா நினைத்துக்கொண்டார். மனு தாக்கல் ஆயிற்று. கடன் கொடுத்தவர்களை அதில் எதிர்மனுதாரர்கள் என்று வரிசையாகப் போடுவார்கள். ஒன்பதாம் எதிர்மனுதாரர், என் மைத்துனன்.

ஒரு காலை, கையில் கோர்ட்டு நோட்டீசோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"மாமா, நான் உங்க மேல இன்னா கேஸ் போட்டேன்?"

"நீ போடலப்பா. நான்தான் போட்டேன்."

"என் மேலயா?"

"எல்லார் மேலயும்தான்."

"நேத்து மாப்ள வூட்டுக்காரங்க பூ வெக்கிறதுக்கு வந்து உக்காந்துனு இருக்காங்க. கோர்ட்டு ஆளு வாசல்ல நின்னு என் பேரச் சொல்லி கூப்புடறாரு. சம்மந்தி கேக்கறாரு மாமா, 'வட்டிக்கு வுடுவீங்களா'னு!"

உள்ளே இருந்து மனைவி வந்தாள். அந்தப் பட்டியலை நான் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. நோட்டீசை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் தம்பியிடம், "காபி குடிக்கிறியா?" என்றாள்.

நான் அவனைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். கோர்ட்டு மனுவை ஒத்துக்கொண்டால் இந்தக் கடன் எல்லாம் முடிந்துவிடும், அவனுக்கும் தர வேண்டியிருக்காது, அக்கா நிம்மதியாகக் கல்யாணத்துக்கு வரலாம் என்றேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "தர வேண்டியது இல்லன்னா, அக்கா எங்க வூட்டுக்கு எதுக்கு வரணும்?"

மற்ற எட்டுப் பேரும் கடன் தள்ளுபடியாகிவிடுமோ என்று பயந்து ஆளுக்கொரு வக்கீல் வைத்திருந்தார்கள். இவனுடைய பயமும் அதுதான். ஆனால் பணத்தைப் பற்றி இவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வரவேண்டியது வரவேண்டியதாகவே இருக்கட்டும் என்று கேட்டு ஒருவன் பஸ் ஏறி வருவதை நான் கணக்கு எழுதிய காலத்தில் பார்த்ததில்லை.

மூன்று பேரும் வக்கீலம்மாவிடம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"மொய்யா இது? ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

"அதுக்குனு தனியா இடம் இல்லையே."

"இப்ப இவர் கடன் கொடுத்தவர்னு ரெக்கார்டுல இருக்கு. நீங்க போயி இவருக்கு மட்டும் ஒரு சவரன் வெச்சீங்கன்னா, மத்த எட்டுப் பேரும் கேப்பாங்க. எங்களுக்கு இல்ல, மச்சானுக்கு மட்டும் எங்கிருந்து வந்துதுனு."

"அப்ப அக்கா மொய் வெக்கவே கூடாதுங்களா?" என்றான் மைத்துனன்.

"உங்க பேரை எடுத்துடலாம். எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லைனு ஒரு கையெழுத்து போடுங்க."

"அதெப்படிங்க போடுவேன்? வரணுமே!"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மனைவி, அங்கே வந்ததிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, உங்க கல்யாணத்துல மொய் எழுதினாங்களா?"

"எழுதினாங்கம்மா."

"அதெல்லாம் யாரு திருப்பி வெக்கிறா?"

"எங்கம்மாதான். ஞாயித்துக்கெழம ஆனா வேற வேலையே கெடையாது அவங்களுக்கு." சொல்லும்போதே சிரித்துவிட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதி, எங்களுக்குப் படித்துக் காட்டினார். மேற்படி ஒரு சவரன் கடன் அல்ல, திருமணத்தில் வழங்கிய அன்பளிப்பு.

"அன்பளிப்புன்னா திரும்பி வராதுங்களா?" என்றான் மைத்துனன்.

"சட்டப்படி வர வேண்டியதில்ல."

"ஊர் மொறப்படி?"

"அத இந்தத் தாள்ல யாரும் கேக்கலீங்களே."

அவன் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டான். ஒன்பதாம் எதிர்மனுதாரரை நீக்க அடுத்த வாய்தாவில் கோர்ட்டு அனுமதித்தது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காத்திருந்த நேரத்தில் நான் அங்கே ஓடாத மின்விசிறிகளை எண்ணினேன்.

தை வந்தது. சவரன் வரவில்லை. மனு நடக்கும்போது பெரிதாக எதுவும் வைக்கக் கூடாது, பழம் பூவோடு சின்னதாக ஏதாவது செய்யலாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். சின்னது என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "அத அம்மா முடிவு பண்ணட்டும் சார்" என்றார். மனைவி எவர்சில்வர் தட்டில் பழமும் பூவும் ஒரு ரவிக்கைத்துணியும் வைத்தாள். மேலே ஐந்நூற்று ஒரு ரூபாய். பஸ்ஸில் தட்டை மடியிலேயே வைத்திருந்தாள், என்னிடம் கொடுக்கவில்லை.

அங்கே மொய்யை மைக்கில் படிப்பார்கள். முதலில் பெண்ணின் அத்தை என்று கூப்பிட்டார்கள். இவள் எழுந்து போனாள். பந்தலில் பாதிப் பேருக்கு எங்கள் கதை தெரியும். ஒரு சவரன் கதையும் தெரியும். மேஜையில் மொய் எழுதிக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்த ரூபாயை எடுத்து, தொகையை நிதானமாக, சத்தமாகப் படித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மைத்துனன் மேடையிலிருந்து இறங்கி வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நான் பக்கத்தில் போயிருந்ததால் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"மிச்சம் நிக்குதுடா" என்றாள் மனைவி.

"நிக்கட்டுமே. சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதில்லக்கா?"

"அதுக்குள்ள உங்க மாமா உன்ன வேற எதுலயும் எழுதிடாம நான் பாத்துக்கறேன்."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது இலைக்கு நேராகக் குனிந்து, இரண்டு வருடத்தில் மாதம் எவ்வளவு எடுத்து வைத்தால் ஒரு சவரன் ஆகும் என்று மனதுக்குள் போட ஆரம்பித்தேன்.

"கணக்கு போடாம சாப்புடுங்க" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே.