தமிழர் படைக்கு ஒரு பக்கம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாண்டிய சேனாதிபதி. மற்ற நாட்களில் ஓசூர் தொழிற்பேட்டையில், லாரிகளுக்குப் பிரேக் டிரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வேலையிலும் எனக்கு மேலே ஒரு புத்தகம் உண்டு. அது சொன்னால் சொன்னதுதான்.

சேனாதிபதி வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரிப்போம். சுண்டுவிரலின் முதல் கணு உயரத்துக்கு ஈயத்தில் வார்த்த வீரர்களுக்கு நாங்களே சாயம் பூசி, அதன்மேல் அணிவகுத்து நிறுத்துவோம். ஸ்கேல் வைத்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சண்டை போடுவோம். படைகள் எல்லாம் பழங்காலத்தவை. எந்த நாட்டுப் படையில் எத்தனை குதிரை, எத்தனை யானை இருக்கலாம், வில்லாளி நல்லவனா சுமாரா என்பதையெல்லாம் படைப்பட்டியல் என்ற புத்தகம் முடிவு செய்யும். ரோமானியர், பாரசீகர் போன்ற பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மூலப் புத்தகத்திலேயே இடம் உண்டு. நாமெல்லாம் பிறகு தனியாக வரும் சப்ளிமெண்டில் இருப்போம்.

எனக்கு எதிரி ஒரே ஒருவர். எங்கள் கம்பெனியிலேயே கொள்முதல் பிரிவில் இருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வீடு, தாய்மொழி கன்னடம். அலுவலகத்தில் அவர் வாங்கும் இரும்பை நான் நிராகரிப்பேன். அங்கே ஒருவரையொருவர் ‘சார்’ என்போம். வெளியே வந்துவிட்டால் அவர் என்னை ‘குரு’ என்பார், கன்னடத்தில் அது தோழனைக் கூப்பிடும் சொல். கன்னட நாட்டை ஆண்ட கங்கர்களின் படை அவருடையது. அவர் ஜெயிப்பார், நான் தோற்பேன். இதில் பெரிய மாறுதல் இருந்ததில்லை.

தோல்விக்குக் காரணம் தேடித்தான் ஒருநாள் சப்ளிமெண்டை உட்கார்ந்து படித்தேன். கங்கர்களுக்கு இரண்டு பக்கம், அடிக்குறிப்புகளோடு. தமிழர்களுக்கு ஒரு பக்கம். சேரர், சோழர், பாண்டியர் மூவரையும் அந்த ஒரே பக்கத்தில் அடைத்திருந்தார்கள். வாழ்நாளில் ஒத்துப்போகாதவர்கள் அச்சில் ஒத்துப்போயிருந்தார்கள். வாள்வீரர் என்ற வரியில் இப்படி இருந்தது: எண்ணிக்கை, அதிகம். தரம், தாழ்ந்தது.

மனைவியிடம் காட்டினேன். எங்கள் இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம். அவளுக்கும் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

“ஆபீஸ்ல நீங்க எத்தன பேர் சாமானத் திருப்பி அனுப்புறீங்க? இப்போ ஒருத்தர் உங்களத் திருப்பி அனுப்பியிருக்கார். அவ்வளவுதானே?” என்றாள்.

சப்ளிமெண்டைத் தொகுத்தவர் கடல்கடந்த ஒரு நாட்டில் ஓய்வு பெற்று வாழும் மனிதர். புத்தகத்தின் கடைசியில் மின்னஞ்சல் முகவரி இருந்தது. எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் புகார் அனுப்பும் பாணியிலேயே எழுதினேன்: குறை, குறையின் காரணம், எதிர்பார்க்கும் திருத்தம். சங்கப் பாடல்களில் நம் வீரர்கள் செய்த காரியங்களை இரண்டு பத்தியில் சுருக்கிச் சொன்னேன். யானையைத் தனியாளாக மறித்தவர்கள் தாழ்ந்த தரம் என்றால் உயர்ந்த தரம் என்பது என்ன என்று கேட்டு முடித்தேன்.

பதில் மிகவும் மரியாதையாக வந்தது. நான் சொல்வது சரியாக இருக்கலாம் என்றார். ஆனால் பாடல்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் புலவர்கள் அரசர்களிடம் பரிசு வாங்கியவர்கள். கல், செப்பேடு, ஓவியம் ஏதாவது இருந்தால் பார்க்கலாம் என்றார். சப்ளையர்களின் சொந்தச் சான்றிதழை நாங்களும் ஏற்பதில்லை.

“கல்லுதானே கேட்டாரு? உங்க கிருஷ்ணகிரி ஜில்லால இல்லாத கல்லா? நானும் வரேன் குரு. எதிரி சாட்சி சொன்னா நம்புவாங்க” என்றார் என் கங்க நண்பர். கார் அவருடையது என்பதால் நானும் சம்மதித்தேன்.

கல்லாவி என்ற ஊருக்கு அப்பால் ஒரு நிலத்தில் வீரன் உருவம் செதுக்கிய நடுகல் இருப்பதாக அந்தப் பக்கத்து ஊழியர் ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், இடுப்பளவு உயரத்தில் கல் நின்றது. மஞ்சளும் எண்ணெயும் பூசி, ஒரு துண்டு கட்டியிருந்தார்கள். நான் படமெடுக்க ஆரம்பித்தேன். நண்பர் இரும்பு டேப்பை இழுத்துக் கல்லின் அகலத்தை அளந்தார்.

டேப்பைத்தான் வெளியே எடுத்திருக்கக் கூடாது. களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் களைக்கொத்தும் கையுமாக வந்து நின்றாள்.

“எந்த ஆபீசுங்க?”

“ஆபீஸ் இல்லம்மா. கம்பெனி” என்றேன்.

அதைவிட மோசமான பதில் இந்த மாவட்டத்தில் கிடையாது. அவள் திரும்பி, வரப்பில் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்த கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏங்க, கம்பெனிக்காரங்க வந்து அளக்கறாங்க!”

பக்கத்து நிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நண்பருக்குப் பதற்றம் வந்தால் தமிழ் போய்விடும். “இல்லம்மா, சும்னெ நோடோகே பந்தித்வி” என்றார். சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று அர்த்தம். அர்த்தத்தை யாரும் கவனிக்கவில்லை.

“ஓ, பெங்களூர் பார்ட்டியா? பிளாட்டு போடப் போறீங்களா?” என்றார் கணவர். “காட்ட விக்கறதா நாங்க யாருகிட்டயும் சொல்லலயே!”

பிளாட் போட வரவில்லை, தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கவும் வரவில்லை, பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசைமேல் சண்டை போடுகிறோம், அதற்கு ஆதாரம் தேடி வந்தோம் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம் என்பதுபோல அவர்கள் பார்த்தார்கள். நல்லவேளையாக, கல்லில் உள்ள உருவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு டப்பாவில் கொஞ்சம் வீரர்களைக் கொண்டுபோயிருந்தேன். திறந்து காட்டினேன்.

அந்த அம்மாள் ஒரு வில்லாளியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முதலில் அவள் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

“இத்தினியூண்டு ஆளுக்கா அத்தாம்பெரிய டேப்பு? இதுங்க தானா சண்ட போடுமா?”

“இல்லம்மா, நாங்கதான் நகர்த்தணும்.”

“யாரு ஜெயிப்பீங்க?”

“நானு” என்றார் நண்பர். தமிழ் திரும்பிவிட்டிருந்தது.

தமிழ்ப் படை தரம் தாழ்ந்தது என்று வெளிநாட்டில் ஒருவர் எழுதியிருப்பதையும், அதை மாற்றத்தான் இந்தக் கல்லைப் பார்க்க வந்ததையும் சொன்னேன். மனைவியிடம் நான் எதிர்பார்த்த கோபம் இந்த அம்மாளுக்கு வந்தது.

“எங்க சாமி வேடியப்பனயா? எவன் சொன்னான்? இங்க வந்து நின்னு சொல்லச் சொல்லு பாக்கலாம்!”

அதன்பின் எங்கள் வேலை அவள் பொறுப்பில் நடந்தது. பூசை செய்யாமல் துண்டை அவிழ்க்கக் கூடாது என்றாள். கணவர் மொபெட்டில் கல்லாவிக்குப் போய்த் தேங்காய், கற்பூரம் வாங்கிவந்தார். அவளே குடம் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினாள். ஈரத்தில் உருவம் தெளிந்தது. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பிலும் தொடையிலும் தைத்த அம்புகள். பின்னால் வரிசையாக மாட்டுத் தலைகள். மேலே மூன்று வரி எழுத்து.

“யானை ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டேன். என் படையின் பலமே யானைதான்.

“யானைக்கு இங்க என்னா வேல? மாடுதான் இருக்குது. மாட்டுக்குத்தான் சண்டயே.”

எழுத்து எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அது தமிழ் என்று நானும், கன்னடம் என்று நண்பரும் வாதிட்டோம். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல் அவ்வளவு உறுதியோடு நான் வேறு எதையும் வாதிட்டதில்லை. “அது சாமி எழுத்து. கத்தாம இருங்க” என்று அந்த அம்மாள் முடித்துவைத்தாள்.

கிளம்பும்போது சாமிக்கு ஒரு பொம்மை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அங்கே ஏற்கெனவே மண்ணில் செய்த குதிரையும் நாயும் இருந்தன. ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு; டப்பாவில் அந்தக் கணக்கில் மலிவான ஒரு கவண்காரனைத் தேடினேன். “சாமிகிட்டப் போய் கஞ்சத்தனமா குரு?” என்றார் நண்பர். அதற்குள் அவளே ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள். நெற்றிப்பட்டத்துக்கு மட்டும் இரண்டு வாரம் சாயம் பூசிய என் யானை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

படங்களை அனுப்பினேன். தொகுப்பாளர் நன்றி சொன்னார், பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதாகவும் சொன்னார். அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. பிரேக் டிரம்களை நிராகரித்துக்கொண்டிருந்தேன், ஞாயிறுதோறும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

புதிய சப்ளிமெண்ட் ஒரு வேலை நாளின் மதிய உணவு நேரத்தில் என் போனுக்கு வந்தது. கேன்டீனில் நண்பரின் எதிரில் உட்கார்ந்து திறந்தேன். கல்வெட்டைப் படித்துவிட்டார்கள். மொழி தமிழ்தான். மாடுகளை மீட்டு இறந்தான் ஒருவன் என்று இருந்ததாம். நான் மேசையைத் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மேல படிங்க சார்” என்றார் நண்பர்.

மேலே படித்தேன். மாடு மீட்டவன் வாழ்ந்தது ஒரு கங்க அரசனின் ஆட்சியில். ஆகவே அவன் கங்கர் படையைச் சேர்ந்தவன். அவனுடைய வீரத்தைக் கருதி, கங்கர் பட்டியலில் ‘எல்லைப்புற வில்லாளிகள், உயர்ந்த தரம்’ என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தமிழர் பக்கத்திலும் மாற்றம் இருந்தது. நான் அனுப்பிய ஆதாரத்தில் யானையே இல்லாததால் யானைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. மாட்டுக்கான சண்டை இந்த நிலத்தின் இயல்பு என்பது உறுதியாகிவிட்டதால், தமிழர் படை இனி ஒரு மாட்டு மந்தையையும் கட்டாயம் களத்துக்கு ஓட்டிவர வேண்டும். மந்தை பறிபோனால் ஆட்டம் தோல்வி. வாள்வீரர் வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

கடைசியில் நன்றியுரை. அரிய கல்லைக் கண்டு சொன்ன, கர்நாடகத்தைச் சேர்ந்த பெங்களூர் நண்பர்கள் இருவருக்கும் நன்றி.

நண்பர் தயிர்சாதத்தை வைத்துவிட்டு, புரையேறும்வரை சிரித்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

யானையையும் மாட்டையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஓசூரைத் தூக்கிக் கர்நாடகத்தில் வைத்ததை விட முடியவில்லை. அன்று மாலையே கடுமையாக ஒரு மின்னஞ்சல் தட்டினேன். தோளுக்குப் பின்னால் நின்று மனைவி படித்தாள்.

“போன மாசம் எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல, எங்க இருக்கீங்கன்னு கேட்டவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“பெங்களூர்னு.”

கடுமையைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன். அடுத்த பதிப்பில் திருத்துவதாக உடனே பதில் வந்தது. அடுத்த பதிப்பு எப்போது என்று அவர் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு நண்பர் பச்சைத் துணியை விரித்தார். நான் டப்பாவைத் திறக்கவே இல்லை. மாடு ஓட்டிக்கொண்டு போருக்கு வர மாட்டேன் என்றேன். மாடு இல்லாமல் வந்தால் விதிப்படி செல்லாது என்றார் அவர். விதியைக் கேள்வி கேட்கும் தொழிலில் நான் இல்லை. பிறகு அவரே, “ஒரு வாட்டி மாத்தி ஆடலாமா குரு? உங்க வேடியப்பன் இப்ப என்கிட்டதானே இருக்காரு. நீங்க கங்கர் எடுத்துக்கோங்க” என்றார்.

கல்லாவி அம்மாளை நினைத்துக்கொண்டேன். அவள் சாமி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் நிற்பதில் தவறில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்பர் என் பாண்டியர்களை எடுத்துக்கொண்டார். மாடுகளுக்கு என் பையனின் பழைய பிளாஸ்டிக் பசுக்களை வைத்தோம். அவை யானைகளைவிட உயரமாக இருந்தன.

எல்லைப்புற வில்லாளிகளை இடப்பக்கம் நிறுத்தினேன். அவர்கள் எறிந்த பகடையெல்லாம் ஐந்தும் ஆறுமாக விழுந்தன. பாண்டிய வாள்வீரர்கள் வரிசையாக வந்து, வரிசையாகப் போனார்கள். மாட்டு மந்தையை நான் வளைத்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள்.

“யாரு ஜெயிச்சது? நம்ம ஆளுங்களா?”

“ஆமா” என்றேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நண்பர் மேசையைவிட்டு எழவில்லை. கவிழ்ந்துகிடந்த வாள்வீரர்களை ஒவ்வொருவராக நிமிர்த்திவைத்தார். சப்ளிமெண்டை எடுத்துத் தமிழர் பக்கத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தார். அவர் முகம் மாறியது.

“இது அநியாயம் குரு. பூரா அநியாயம். இவங்கள வெச்சுக்கிட்டு எப்படி ஜெயிக்கறது? இத்தன நாளு நீங்க எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்க?”

“பழகிடும்” என்றேன்.

“பழகறதாவது! லேப்டாப்பக் குடுங்க. அந்த ஆளுக்கு நான் எழுதறேன்.”

கொடுத்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தமிழ் வாள்வீரர்களின் மானத்துக்காக அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நான் கங்கர்களைப் பத்திரமாகத் துடைத்து, ஒவ்வொருவராக டப்பாவில் அடுக்கினேன். கங்கர் வில்லாளிகளைப் பற்றி மட்டும் அதில் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.